இடையில் உள்ள நகரம்

கடல் கடந்து செல்லும் முதல் பிரயாணத்துக்காக நம் நடுத்தரக் குடும்பங்கள் பல வருஷங்கள் சேர்த்து வைக்கும் பணத்தையும், விசா வாங்குவதற்காகச் சுமக்கும் காகிதக் கட்டுகளையும், விடுமுறைக்காக மேலதிகாரியிடம் செய்துகொள்ளும் விண்ணப்பங்களையும் எண்ணிப் பார்த்தால், இத்தனை பிரயாசைப்பட்டுப் போகிறவர்கள் போன இடத்தில் ஒன்றையும் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்று நினைப்பது இயல்பே என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நினைப்பை மூலதனமாகக் கொண்டே, பத்து நாளில் ஏழு தேசம் என்றும் பன்னிரண்டு நாளில் ஒன்பது தேசம் என்றும் விளம்பரம் செய்கிற சுற்றுலா வர்த்தகம் செழித்து வளர்ந்திருக்கிறது. காலைப் பலகாரம் ஒரு நாட்டிலும், இராச் சாப்பாடு வேறொரு நாட்டின் இந்திய உணவு விடுதியிலும், நடுவே பேருந்தின் ஜன்னலுமாகக் கழிகிற அந்த நாட்களுக்குப் பின், எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்று வீட்டில் விவாதம் நடப்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அப்படிப் போய் வந்தவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆயினும் முதல்முறையாக வெளிநாடு செல்கிற ஒருவர் என்னிடம் யோசனை கேட்பாராயின், மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த பழம்பெரும் நகரங்களில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, கைவசம் இருக்கிற நாட்கள் அத்தனையையும் அதற்கே கொடுத்து, அதைக் காலால் நடந்து பார்க்கும்படிதான் சொல்வேன். என் முதல் பிரயாணத்துக்கு நான் தேர்ந்துகொண்டது ரோமாபுரி.

பழைய நகரத்தின் ஜீவன் அதன் பிரசித்தமான கட்டடங்களில் இருப்பதைக் காட்டிலும், ஒரு கட்டடத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையிலுள்ள தெருக்களிலேயே அதிகமாக இருக்கிறது என்பதும், அந்த இடைப்பட்ட பாகம் வாகனத்தில் போகிறவர் கண்ணுக்கு அகப்படுவதே இல்லை என்பதும் என் கட்சி. ரோமாபுரி அந்தக் கட்சிக்கு மிகவும் அனுகூலமான சாட்சி. சக்கரவர்த்தி ஆரேலியன் கி.பி. 271 முதல் 275 வரையிலான காலத்தில் எழுப்பத் தொடங்கிய மதில் சுமார் 19 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் பெரும் பகுதி இன்றும் நிற்கிறது. புராதன நகரத்தின் சின்னங்களில் பெரும்பாலானவை அந்த மதிலுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. வடக்கே போப்பொலோ வாயிலில் புகுந்து தெற்கே சான் பாவ்லோ வாயில் வரையில் நிதானமாக நடப்பவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. உலகத்தை ஆண்ட நகரம் இவ்வளவு சிறியதா என்ற ஆச்சரியம் முதலில் தோன்றுகிறது. அந்தச் சிறிய இடத்துக்குள் இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட மனித வாசம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கிறது என்பது நடக்க நடக்கத்தான் தெரிகிறது.

தண்ணீரைச் சுமந்துகொண்டு நடக்கவேண்டிய அவசியமும் அங்கே இல்லை. 1870களில் வைக்கத் தொடங்கிய வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்கள் சுமார் 2,500 நகரமெங்கும் நிற்கின்றன. வளைந்த குழாயைப் பார்த்து ‘பெரிய மூக்கு’ என்னும் பொருள்பட நஸோனே என்று ஊரார் அவற்றை அழைக்கிறார்கள். இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலேயுள்ள சிறு துவாரத்தின் வழியாகத் தண்ணீர் எழும்பி நேராக வாய்க்கு வருகிறது. காசு கேட்பாரில்லை. ஜனங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது ஆட்சியின் தர்மம் என்ற எண்ணம் அந்நகரத்துக்குப் புதியதும் அன்று: கி.மு. 19இல் அக்ரிப்பா கட்டிய ‘கன்னி நீர்’ என்னும் கால்வாய், இடையிடையே சிதைந்தும் போப்பாண்டவர்களால் பழுதுபார்க்கப்பட்டும், 1762இல் கட்டி முடிந்த திரெவி நீரூற்றுக்கு இன்றளவும் ஆதாரமாக இருக்கிறது. திரெவியில் காசு எறிவதற்காகக் கூடி நிற்கும் பல்லாயிரம் பேரில் எத்தனை பேர், அந்த நீர் வரும் கால்வாயின் வயதைக் கேட்டறிந்தார்களோ!

நதிக்கரைக்குச் சமீபத்தில் மார்செல்லஸின் நாடக அரங்கு இருக்கிறது. ஜூலியஸ் சீஸர் காலத்தில் யோசிக்கப்பட்டு, அகஸ்டஸ் சக்கரவர்த்தி தம் மருமகனான மார்செல்லஸின் ஞாபகார்த்தமாகக் கட்டி முடித்தது அது; கொலோசியத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு மூத்தது. பேரரசு அழிந்து நாடகங்கள் நின்றுபோன பின், மத்திய காலத்துப் பிரபுக்கள் அதைக் கோட்டையாக்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அதன் தலைமேல் ஒரு மாளிகையைக் கட்டினார்கள். அதன் கீழ் வளைவுகளில் கைவினைஞர்களும் சிறு வியாபாரிகளும் கடை வைத்துப் பிழைத்தார்கள். மேல்மாடி வீடுகளில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். அதைக் கண்டு அநாகரிகம் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கோ, அந்த மேல்மாடி ஜன்னல்களைப் பார்த்தபோது, இந்தக் குடிவாசந்தான் அரங்கைக் காப்பாற்றியிருக்கிறது என்றே தோன்றியது. மழை ஒழுகினால் அடைப்பதற்கும், கல் பெயர்ந்தால் பதிப்பதற்கும் அதில் யாரோ ஒருவருக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் சுயநலம் இருந்திருக்கிறது.

அரங்கைத் தாண்டியதும் ஒக்டாவியா மண்டபத்தின் சிதைந்த முகப்பு எதிர்ப்படுகிறது. அகஸ்டஸின் சகோதரி பெயரால் அமைந்த அந்த மண்டபத்தில் பல நூற்றாண்டுகள் மீன் சந்தை நடந்தது. அங்கே சுவரில் பதித்திருக்கிற சலவைக்கல் ஒன்று லத்தீன் மொழியில் ஒரு கட்டளையைத் தெரிவிக்கிறது: அந்தக் கல்லின் நீளத்துக்கு மேற்பட்ட மீன் எதுவாயினும், முதல் செதில்துடுப்பு வரையிலுள்ள அதன் தலைப் பாகத்தை நகர அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். மீன் குழம்புக்குத் தலையே உத்தமம் என்பதை அறிந்தவர்கள் அங்கேயும் அதிகாரத்தில் இருந்திருக்கிறார்கள். சீஸர்களின் சரித்திரத்தைப் புத்தகத்தில் படிக்கலாம். மீன்தலையில் உரிமை கொண்டாடிய அதிகாரிகளின் சரித்திரத்தை அந்தச் சுவரண்டை போய் நின்றுதான் படிக்கவேண்டும்.

நவோனா சதுக்கம், பெயருக்குச் சதுக்கமாயினும், நீண்டு ஒரு கோடியில் வளைந்த வடிவமுடையது. முதல் நூற்றாண்டின் இறுதியில் டொமிஷியன் சக்கரவர்த்தி அமைத்த ஓட்டப் பந்தய மைதானத்தின் படிக்கட்டுகள்மேல் வீடுகள் எழும்பியபடியால், மைதானம் மறைந்தும் அதன் வடிவம் மறையவில்லை. அதற்கு அடுத்த சிறு மூலையில், கைகளும் முகமும் தேய்ந்த பாஸ்குவினோ என்னும் பழஞ்சிலை ஒன்று நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டு முதல், போப்பாண்டவரையும் அவருடைய பரிவாரத்தையும் பகிரங்கமாக விமரிசிக்க அஞ்சிய ஜனங்கள், இரவோடு இரவாகத் தங்கள் ஏளனக் கவிகளை எழுதி அதன்மேல் ஒட்டிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. ஆசிரியர் பெயரும் இல்லை, சந்தாவும் இல்லை, தணிக்கையும் பலிக்கவில்லை. பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற முறையில் அந்தச் சிலைக்கு ஒரு கும்பிடு போட்டேன். அங்கே இன்றைக்கும் காகிதங்கள் ஒட்டப்படுகின்றன. சுற்றுலாப் பேருந்து எதுவும் அந்தக் குறுகிய சந்துக்குள் வர இயலாது.

உபயோகத்தில் இருக்கிற கட்டடமே பிழைக்கிறது என்ற தத்துவத்துக்கு உச்சமான திருஷ்டாந்தம் பாந்தியன். ஹாட்ரியன் சக்கரவர்த்தி காலத்தில், கி.பி. 125ஐ ஒட்டி முடிந்த அந்தத் தேவாலயத்தின் கும்மட்டம் 43 மீட்டர் குறுக்களவு உடையது. இரும்புக் கம்பி கலவாத காங்கிரீட்டால் ஆன கும்மட்டங்களில் அதைவிடப் பெரியது உலகத்தில் இன்னும் கட்டப்படவில்லை. உச்சியில் 9 மீட்டர் அகலமுள்ள திறந்த வட்டம். அதன் வழியாக வெயிலும் இறங்குகிறது, மழையும் பெய்கிறது. பெய்த மழை தரையிலுள்ள சிறு துவாரங்களின் வழியே வடிகிறது. பழைய தெய்வங்களை ஜனங்கள் கைவிட்டபின், கி.பி. 609இல் போப்பாண்டவர் நான்காம் போனிஃபேஸ் அதைக் கிறிஸ்தவ தேவாலயமாகப் பிரதிஷ்டை செய்தார். அன்று அது நிகழாதிருந்தால், அக்கம்பக்கத்துக் கோயில்களைப் போல இதுவும் சுண்ணாம்புச் சூளைக்கு இரையாகியிருக்கும். சான் கிளெமென்தே தேவாலயத்திலோ நூற்றாண்டுகளின் அடுக்கைக் கீழ்நோக்கி இறங்கியே பார்க்கலாம்: தெருமட்டத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கோயில், அதற்கு அடியில் நான்காம் நூற்றாண்டின் கோயில், அதற்கும் அடியில் முதல் நூற்றாண்டின் கட்டடமும் மித்ர தேவனின் பூஜா கிருகமும். மேலேயுள்ள கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது.

உபயோகமே அழிவுக்குக் காரணமாவதும் உண்டே என்று கேட்பவர்களுக்கு ரோமாபுரி தாராளமாக விஷயம் கொடுக்கும். கொலோசியத்தின் வெளிச்சுவரில் பாதிக்கு மேல் காணாமற்போனதற்குப் பூகம்பம் மாத்திரம் காரணமன்று. விழுந்த கற்களைச் சுமந்துபோய் மாளிகைகளும் தேவாலயங்களும் கட்டினார்கள். கற்களைப் பிணைத்திருந்த இரும்புக்காகச் சுவரெங்கும் தோண்டிய குழிகள் அம்மைத் தழும்புகளாக இன்றும் தெரிகின்றன. பாந்தியனின் முகப்பு மண்டபத்திலிருந்த வெண்கலத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் போப்பாண்டவர் எட்டாம் உர்பன் பெயர்த்தெடுத்தார். பார்பெரினி வம்சத்தைச் சேர்ந்த அவரைக் கண்டித்த பிரசித்தமான ஏளன வாசகம் பாஸ்குவினோவின் பெயராலேயே வழங்குகிறது. ஆகவே உபயோகம் என்பதில் வித்தியாசம் காணவேண்டும். குடியிருக்கிறவனும் பூசை செய்கிறவனும் கடை வைத்திருக்கிறவனும் கட்டடத்தைக் கட்டடமாகவே வைத்துக்கொள்ள விரும்புகிறான். கல் எடுக்க வருகிறவனுக்கு அது ஒரு மலைக் குவாரி. கொலோசியம் பட்ட பாடு, அதில் ஜனங்கள் குடியேறியதால் வந்ததைவிட, அது ஒருவருக்கும் வேண்டாத வெறும் கற்குவியலானதால் வந்ததே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் புராதனத்துக்கு மரியாதை செய்கிறோம் என்ற பெயராலேயே நடந்த அழிவு ஒன்றை, கொலோசியத்துக்குப் போகும் அகன்ற ராஜபாட்டையில் ஒவ்வொரு யாத்திரிகரும் தம்மை அறியாமலே மிதித்துக்கொண்டு போகிறார். சீஸர், அகஸ்டஸ், நெர்வா, டிராஜன் ஆகியோர் அமைத்த மன்றங்களின் மீது, பதினாறாம் நூற்றாண்டில் அலெஸ்ஸாந்த்ரீனோ என்னும் குடியிருப்பு எழும்பியிருந்தது. நெருக்கமான வீடுகளும், சிறு தேவாலயங்களும், பட்டறைகளுமாகத் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் வாழ்ந்த அந்தப் பேட்டையை முசோலினி இடித்துத் தள்ளினார். அங்கிருந்த குடும்பங்களை நகரத்தின் வெளிப்புறத்துக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார். வெனீஸிய அரண்மனையின் மாடத்திலிருந்து கொலோசியம் தடையின்றித் தெரியவேண்டும் என்பதற்காக நடுவில் நின்ற வேலியா என்னும் குன்றையே வெட்டிப் போக்கினார். 1932 அக்டோபர் 28ஆம் தேதி, தாம் ஆட்சியைப் பற்றிய பத்தாம் ஆண்டு நிறைவன்று, சைனிய அணிவகுப்புடன் அந்தச் சாலையைத் திறந்துவைத்தார். பழைய சின்னங்களைச் சூழ்ந்திருக்கும் சாதாரண வீடுகளை நீக்கிவிட்டால் அவை தனிமையில் இன்னும் கம்பீரமாகத் தோன்றும் என்பது அவர் கொண்ட கொள்கை. அவசர அவசரமாகத் தோண்டிய மன்றங்களில் பெரும் பகுதி அந்தச் சாலைக்கு அடியிலேயே மறுபடியும் புதைந்துபோனதுதான் அந்தக் கொள்கைக்கு வாய்த்த பரிகாசம். மார்செல்லஸ் அரங்கின் வளைவுகளிலிருந்த கடைகள் துரத்தப்பட்டதும் அதே காலத்தில், அதே கொள்கையின் பேரில்தான்.

பத்து நாளில் ஏழு தேசம் காட்டுகிற பேருந்து, பிரயாணியின் மனத்துக்குள் செய்கிற காரியமும் இதுவேயாகும். அதுவும் இடையிலுள்ள வீடுகளை இடித்துத் தள்ளுகிறது. சந்துகளையும் சந்தைகளையும் அப்புறப்படுத்துகிறது. கொலோசியத்திலிருந்து வாட்டிகனுக்கும், அங்கிருந்து பைசா கோபுரத்துக்கும், அங்கிருந்து ஐஃபில் கோபுரத்துக்கும் நேர்கோட்டில் ஒரு ராஜபாட்டை போட்டு, ஒவ்வொரு சின்னத்தையும் அதன் ஊரிலிருந்தும் ஜனங்களிலிருந்தும் பிரித்துத் தனிமையில் நிறுத்திக் காட்டுகிறது. அப்படிக் கண்ட கொலோசியத்துக்கும் தபால் அட்டையில் கண்ட கொலோசியத்துக்கும் பேதம் மிகச் சொற்பம்.

தமிழ் யாத்திரிகருக்கு இதனால் நேரும் நஷ்டம் ஒன்றை விசேஷமாகச் சொல்லவேண்டும். அதே ராஜபாட்டையின் ஓரத்தில், மூன்று பிரம்மாண்டமான வளைவுகளுடன் மக்ஸென்டியஸ் பசிலிக்கா நிற்கிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டுவதற்காக மூடிய பழைய கட்டடம், டொமிஷியன் காலத்து மிளகுப் பண்டகசாலை. நகரத்தின் மையத்தில், புனிதப் பாதையை அடுத்து, தானியத்துக்கு அன்று, தங்கத்துக்கு அன்று, மிளகுக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் என்று தனிக் கட்டடம் இருந்தது. அந்த மிளகு சேர நாட்டு மலைச்சரிவுகளில் விளைந்தது. முசிறித் துறையில் கப்பலேறியது. பருவக் காற்றின் துணையால் அரபிக் கடலைக் கடந்து எகிப்தின் செங்கடல் துறைகளை அடைந்து, ஒட்டகத்தின் முதுகிலும் நைல் நதிப் படகிலுமாக அலெக்ஸாந்திரியா சேர்ந்து, அங்கிருந்து மீண்டும் கப்பலேறி இத்தாலிக்கு வந்தது. யவனரின் மரக்கலங்கள் பொன் கொண்டுவந்து மிளகு கொண்டுபோனதை அகநானூறு பாடுகிறது. எதிர்க்கரையிலிருந்து ரோமானிய ஆசிரியர் பிளினி, கறுப்பு மிளகு ஒரு ராத்தல் 4 டினாரியஸ் விற்கிறது என்று கணக்கெழுதி, உறைப்பைத் தவிர ஒரு குணமும் இல்லாத இந்தப் பண்டத்தை ஜனங்கள் ஏன் இப்படி விரும்புகிறார்கள் என்று வியந்தும், இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாமல் பணம் போய்விடுகிறதே என்று நொந்தும் எழுதினார். கி.பி. 408இல் ரோமாபுரியை முற்றுகையிட்ட காத் தலைவன் அலாரிக், முற்றுகையைத் தளர்த்துவதற்குக் கேட்ட பொருள்களில் பொன் 5,000 ராத்தல், வெள்ளி 30,000 ராத்தல் ஆகியவற்றோடு மிளகு 3,000 ராத்தலும் இருந்தது.

இத்தனை சரித்திரமும் கொலோசியத்திலிருந்து சில நிமிஷ நடையில் இருக்கிறது; வாகனத்தில் போகிறவருக்கு அது ஒரு செங்கல் சுவர். அன்று மத்தியானம் அருகில் ஒரு சிறு உணவு விடுதியில், ரோமாபுரிக்கே உரியதென்று அவர்கள் பெருமைப்படுகிற ‘காச்சோ எ பேப்பே’யை வரவழைத்து உண்டேன். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் இடித்த கறுப்பு மிளகும், அவற்றோடு வெந்த மாவு நூலும், அவ்வளவே. மிளகைத் தாராளமாகவே போட்டிருந்தார்கள். பிளினி இருந்திருந்தால் மறுபடியும் கணக்குப் பார்த்திருப்பார்.

வயது முதிர்ந்தவர்களும், முழங்கால் வலியுள்ளவர்களும் எப்படி நடப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. நாள் முழுவதும் நடக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் நடந்து, இடையில் நகரப் பேருந்திலோ டிராமிலோ ஏறி அறைக்குத் திரும்பி இளைப்பாறலாம். ஒரே ஊரில் தங்குகிறவருக்குத்தான் அந்தச் சௌகரியம் உண்டு. குழுவோடு போகிறவர், வழிகாட்டியின் கொடியைப் பின்தொடர்ந்து, விடியுமுன் பெட்டியைக் கட்டி ஓடவேண்டியிருக்கிறது. ஆக, முழங்கால் வலிக்கு உண்மையில் அனுகூலமானது என்னுடைய யோசனையே. இவ்வளவு செலவழித்துப் போய் ஒரே ஊரா என்ற ஆதங்கத்துக்கு என்னிடம் சமாதானம் கிடையாது. அது கணக்கைப் பொறுத்ததன்று, மனத்தைப் பொறுத்தது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. காலால் நடக்கிற யாத்திரிகனும் எங்கேயோ தங்கத்தானே வேண்டும்? நகரத்தின் நடுப்பகுதியில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரயாணிகளின் தங்குமனைகளாக மாறிவருகின்றன. குடியிருந்தவர்கள் வாடகை தாங்காமல் வெளியே போகிறார்கள். மளிகைக் கடை இருந்த இடத்தில் சக்கரம் வைத்த பெட்டி விற்கும் கடை வருகிறது. முசோலினி கடப்பாரையால் செய்ததை நாம் பணத்தால் செய்கிறோம் என்று ரோமாபுரிவாசிகள் குறைப்படுவார்களாயின், அதற்குப் பதில் சொல்வது சுலபமன்று. இரவுக்கு இவ்வளவு என்று தங்குகிறவரிடம் அந்நகரம் 2011 முதல் வரி வாங்குகிறது. பாந்தியனுக்கு 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் விதிக்கப்பட்டது, நகரவாசிகளுக்கு அது இலவசமாக விடப்பட்டது. இரண்டும் நியாயம் என்பதே என் எண்ணம்; வரி இன்னும் உயர்ந்தாலும் நான் முறையிடமாட்டேன். நடுநகரத்தின் தனி வீட்டை விட்டுவிட்டு, தெற்கே டெஸ்டாச்சோ போன்ற பேட்டையில் முறையான விடுதி ஒன்றில் தங்குவது இன்னும் உசிதம். உடைந்த எண்ணெய்ச் சாடிகளை ரோமர்கள் அடுக்கி அடுக்கி உண்டாக்கிய 35 மீட்டர் உயரக் குன்று ஒன்று அங்கே இருக்கிறது. பக்கத்துச் சந்தையில் காய்கறி வாங்க வருகிறவர்கள் இன்னும் அந்தப் பேட்டை ஜனங்களே.

போகும் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆகஸ்டு மாதத்தில் வெயில் கடுமை. ரோமாபுரிவாசிகளே கடைகளைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்கும் மலைக்கும் போய்விடுகிறார்கள். நம் பள்ளிக்கூட விடுமுறை வருகிற மே மாதம் நடப்பதற்கு மிகவும் ஏற்றது, அக்டோபரும் நன்றே. தெருவில் பதித்திருக்கிற கருங்கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், மழையில் வழுக்கும். ஆகையால் கடைசி வாரத்தில் வாங்கிய புதிய காலணியை வீட்டில் வைத்துவிட்டு, காலுக்குப் பழகிய பழையதையே போட்டுக்கொண்டு போவது நலம்.